பகல் குளிசை

ஹோனில் வைத்த கையை எடுக்காமலே ஓர் ஆட்டோ கடற்கரைப் பக்கமிருந்து ஒழுங்கைக்குள் திரும்பியது. கோழிகள் கத்திக்கொண்டு வேலியேறின. பக்கத்து வீட்டு ஆமினா உம்மா விளக்குமாற்றோடு கேற்றுக்கு வந்து, "ஆருடா அது, மவுத்தானவனையும் எழுப்புறவன்?" என்று ஏசினாள்.

றுஸ்தா குசினிக்குள் இடியப்ப உரலை அழுத்திக்கொண்டிருந்தாள். தேத்தண்ணிக் கடைக்கு இன்னும் அறுபது இடியப்பம் போக வேண்டும். ஹோன் தன் வீட்டு வாசலில் வந்து நிற்கும் என்று அவள் நினைக்கவில்லை. அங்கேதான் நின்றது.

அவள் கணவனோடு தோணியேறி, அவனை அண்ணன் முறையில் காக்கா என்றழைக்கும் ஜவாத் குதித்து இறங்கினான். இடுப்பு வரை நனைந்த சாரன், காலெல்லாம் மணல்.

"மதினி, பதறாதீங்க" என்றான். பதறியது அவன் குரல்தான். "காக்கா தோணிக்குள்ள சரிஞ்சிட்டார். மூச்சு இழுக்குது. கிளினிக் கொப்பிய எடுத்துட்டு வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போவம்."

ஆட்டோவின் பின் ஆசனத்தில் இரண்டு பேருக்கு நடுவில் அப்துல் ஸமட் சாய்ந்து கிடந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. நெஞ்சு ஏறி இறங்கியது. கண் மட்டும் திறந்திருந்தது. மனைவியைக் கண்டதும் அவன் சொன்ன முதல் வார்த்தை இதுதான்:

"மாவ மூடி வெச்சிட்டு வா. கச்சான் காத்து, காஞ்சிரும்."

றுஸ்தா உள்ளே போய் மாவை மூடினாள். அடுப்பை அணைத்தாள். அலமாரியிலிருந்து கொப்பியை எடுத்தாள். அபாயாவைப் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஏறும்போது தன் கையில் இன்னும் இடியப்பத் தட்டு இருப்பதைக் கண்டு, அதை ஆமினா உம்மாவிடம் நீட்டினாள்.

"நான் பாத்துக்குறன் மகள், நீ போ" என்றாள் ஆமினா உம்மா. ஏச்செல்லாம் எங்கோ போய்விட்டது.

கல்முனைக்குடிக் கடற்கரையில் அப்துல் ஸமட் கரைவலைத் தோணியின் தண்டயல். தோணியின் அணியத்தில் நின்று கடலின் நிறத்தைப் பார்த்து, மீன் எங்கே மண்டிக் கிடக்கிறது என்று சொல்கிறவன் அவன்தான். அவன் விரல் நீளும் பக்கம்தான் வலை விழும். கரையில் இரண்டு கயிற்றிலும் நின்று இழுக்கிற இருபத்திரண்டு பேருடைய அன்றைய சோறும் அந்த விரலில்தான் தொங்கியது.

பன்னிரண்டு வயதில் அவனுக்கு முழங்கால், முழங்கை எல்லாம் வீங்கி ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போய்விட்டது, ஆனால் போகிற போக்கில் இருதயத்தின் ஒரு வால்வைக் கெடுத்துவிட்டுப் போனது. வால்வு தடித்து, சரியாக மூடாமல், கொஞ்ச இரத்தத்தைப் பின்னுக்கே கசிய விட்டது. கிளினிக்குக்குப் போனான், மருந்து எடுத்தான், கல்யாணம் முடித்தான், தண்டயலும் ஆனான். நாற்பத்து மூன்று வயது வரை வால்வும் அவனும் ஒருவரை ஒருவர் தொந்தரவு செய்யாமல் காலம் தள்ளினார்கள்.

ஆஸ்பத்திரியில் வாயில் ஒட்சிசன் மாஸ்க் போட்டார்கள். மூன்று இடத்தில் ஊசி குத்தி மூன்று தடவை இரத்தம் எடுத்தார்கள். இருதயத்தை ஸ்கான் பண்ணினார்கள். அடுத்த நாள் காலை வார்ட் டொக்டர் சர்மினி கொப்பியைப் புரட்டிக்கொண்டே றுஸ்தாவைக் கூப்பிட்டாள். முப்பது வயது இருக்காது. கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு.

"அக்கா, இவருக்கு எவ்வளவு நாளாக் காய்ச்சல்?"

"ஒரு மாசத்துக்கு மேல டொக்டர். பின்னேரத்தில வரும், போகும். உடம்பும் இளைச்சிட்டு. வெயிலில நிக்கிறதால எண்டு நினைச்சம்."

"வால்வில கிருமி கூடு கட்டியிருக்கு. ஸ்கான்ல தெரியுது. பல்லில, புண்ணில ஏதும் இருந்ததா?"

"நோன்புக்குள்ள பல்லு வீங்கின. பல் டொக்டர் ஏழு நாளைக்குக் கிருமி மருந்துக் குளிசை தந்தார். பெருநாளைக்குப் பிறகு பல்லப் புடுங்கின."

"ஓம், கொப்பியில இருக்கு. புடுங்க முந்தியும் மருந்து குடுத்திருக்காங்க. அந்த ஏழு நாள் குளிசைய ஒழுங்காப் போட்டவரா?"

"ஓம்."

"நாளைக்கு மூணு?"

"ஓம் டொக்டர். நான்தான் என்ட கையால எடுத்துக் குடுக்கிற."

டொக்டர் அதை அப்படியே எழுதினாள். பேனை காகிதத்தில் ஓடுவதை றுஸ்தா பார்த்துக்கொண்டு நின்றாள். சொன்னதில் பொய் இல்லை. நாளைக்கு மூன்று குடுத்தாள். தன் கையால்தான் குடுத்தாள்.

எந்த நேரத்தில் என்று டொக்டர் கேட்கவில்லை.

நோன்பு தொடங்கி ஒரு வாரம் கழிந்த இரண்டாம் கிழமை அது. அப்துல் ஸமட்டின் கன்னம் ஒரு பக்கம் பாண் துண்டு வைத்தது போல வீங்கியிருந்தது. எட்டு மணித்தியாலத்துக்கு ஒன்று போட வேண்டும், காலை, பகல், இரவு என்று பல் டொக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். குளிசைப் பையிலும் மூன்று கட்டம் அடித்து எழுதியிருந்தது.

"நோன்ப விடுங்க" என்றாள் றுஸ்தா. "வருத்தக்காரனுக்கு விடலாம்தானே. விட்டத பிறகு பிடிச்சுக் களாச் செய்வம். மௌலவிட்டக் கேட்டாலும் அதத்தான் சொல்லுவார்."

"பல்லு நோவுக்கு நோன்ப விடுறதா? இருவத்தாறு வருசமா ஒரு நோன்பு தவறல்ல எனக்கு."

"அதுக்கு இப்ப என்ன செய்யச் சொல்றீங்க?"

"போன கிழமதான் ஒருத்தன் களவாத் தண்ணி குடிச்சான் எண்டு கடற்கரை வாடிக்கு வெளியில நிப்பாட்டினன். நாளைக்கு நான் குளிசையும் தண்ணியுமா நிண்டா அவனுகள் எனக்கு என்ன சொல்லுவானுகள்? நீயே ஒரு வழி பண்ணு புள்ள."

றுஸ்தா ஒரு வழி பண்ணினாள். பொழுதுபட்டு நோன்பு திறந்து கஞ்சி குடித்த பிறகு இரண்டு. விடியுமுன் சஹருக்கு எழும்பிச் சோறு தின்றதும் ஒன்று. இரண்டும் ஒன்றும் மூன்று. குளிசைப் பையில் பகல் என்று இருந்த கட்டத்தைப் பேனையால் வெட்டிவிட்டாள். தன் கணக்கு சரியாக வந்ததில் அவளுக்கு அன்றைக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

இரண்டு குளிசை ஒன்றாகப் போனதால் வயிறு எரிகிறது என்றான். நாலாம் நாள் வீக்கம் வற்றியது. ஐந்தாம் நாளோடு நிறுத்தினார்கள். மிச்சம் ஆறு குளிசை அலமாரியில் கிடந்தது. பெருநாள் முடிந்து கொஞ்ச நாளில் காய்ச்சல் தொடங்கியபோது அதில் இரண்டு குடுத்தாள். காய்ச்சல் அடங்கியது. திரும்ப வந்தபோது இன்னும் இரண்டு. மூன்றாம் தடவை மிச்சம் இரண்டு. அதற்குப் பிறகு காய்ச்சல் அடங்கவில்லை, குளிசையும் இல்லை.

வார்ட்டில் பக்கத்துக் கட்டிலில் வினாயகபுரத்துச் செல்லத்தம்பி படுத்திருந்தார். அவரும் கடல்காரர். கால் இரண்டும் நீர் ஏறிப் பூசணிக்காய் மாதிரி. அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

"தண்டயல், உங்கட கடலில மீன் இருக்கா, இல்லாட்டிக் கதையிலதான் பிடிக்கிறீங்களா?" என்று கேட்டார்.

மாஸ்க்கைக் கழற்றியிருந்த நேரம் அது. அப்துல் ஸமட் மூச்சை எடுத்து எடுத்துப் பதில் சொன்னான். "உங்கட வலையில... ஓட்டைதானே அண்ண. அதால தப்பி வாறதத்தான்... நாங்க பிடிக்கிற."

"அடி ஆத்தே! வாய்க்கு வருத்தம் இல்ல போல. தங்கச்சி, இவருக்கு ஊசிய வாயில போடச் சொல்லுங்க."

றுஸ்தா சிரிக்க வேண்டிய இடம் அது. உதட்டை விரித்தாள். உள்ளே ஒன்றும் அசையவில்லை. ஆட்டோ வந்து நின்ற காலையிலிருந்து அப்படித்தான். கண்ணில் தண்ணீர் வரவில்லை. விடியப் புறத்தில் எழும்பித் தொழுதாள், மாப் பிசைந்தாள், நூறு இடியப்பம் அவித்துக் கடைக்கு அனுப்பினாள், ஒரே மகளைத் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பினாள், சோற்றுப் பார்சலோடு பஸ் ஏறினாள். கை காரியம் செய்தது. தான் எங்கோ ஒரு வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அந்தக் கையைப் பார்ப்பது போல இருந்தது.

ஐந்தாம் நாள் இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. டொக்டர் சர்மினி றுஸ்தாவை நர்ஸ்மாரின் மேசைக்குப் பக்கத்து நாற்காலியில் இருக்கச் சொன்னாள். இருக்கச் சொல்லிக் கதைக்கிற கதை நல்ல கதை இல்லை என்பது வார்ட்டில் எல்லாருக்கும் தெரியும்.

"அக்கா, கிருமி என்னெண்டு தெரிஞ்சிட்டு. வாய்க்குள்ள, பல்லு முரசில சாதாரணமா இருக்கிற இனம்தான். பென்சிலின் இனத்து மருந்து ஏத்தினா நாலு கிழமையில அடங்கிரும். நாங்களும் அதத்தான் ஏத்தினம்."

"ஓம்."

"இது அதுக்கு மசியல்ல. அந்த மருந்தக் கண்டு பழகின கிருமி. மருந்துக்குள்ள போட்டு வெச்சாலும் வளருது. பல்லுப் புடுங்கக்குள்ள குடுத்த மருந்தும் இதாலதான் வேலை செய்யல்ல."

"இப்ப என்ன செய்யிற?"

"வேற மருந்து இண்டைக்கு மாத்துறம். அது கொஞ்சம் கடினமான மருந்து, சிறுநீரகத்தையும் பாக்கோணும். வால்வில கட்டியிருக்கிற கூட்டுக்குள்ள மருந்து இலேசில போகாது. அதுக்கிடையில வால்வு அரிச்சுக்கொண்டு போனா, ஒப்பரேசன் பண்ணி மாத்தோணும். அதுக்குக் கொழும்பு. இரத்தம் குடுக்க ஆள் இருந்தா இப்பவே சொல்லி வையுங்க." டொக்டர் கொப்பியை விரலால் தட்டினாள். "எனக்கு ஒண்டுதான் விளங்கல்ல. குளிசையெல்லாம் சரியாப் போட்ட ஆள். கிருமி எங்க பழகின?"

றுஸ்தா தன் கையைப் பார்த்தாள். நகத்துக்குள் அரிசி மா வெள்ளையாக இருந்தது. அதைச் சுரண்டத் தொடங்கினாள். டொக்டர் கொப்பியை மூடிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

அடுத்த நாள் பகல் றுஸ்தா கடற்கரைக்குப் போனாள். இரத்தம் குடுக்க ஆள் கேட்க வேண்டும்.

கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் எறிந்தது. வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு கயிற்றிலும் ஆட்கள் பின்பக்கமாகச் சாய்ந்து, குதிக்காலால் மணலை உழுதபடி ஓரோர் அடியாக ஏறி வந்தார்கள். வழக்கமாகக் கேட்கிற அம்பாப் பாட்டு இல்லை. கயிறு முறுகுகிற சத்தமும் மூச்சுச் சத்தமும்தான். வலையின் மடி கரையேறியபோது உள்ளே இரண்டு கூடை கீரி மீனும் யாரும் தின்னாத, கூழ் போன்ற சொறி ஒரு குவியலும் கிடந்தன.

"சொறி பிடிக்கவா இவ்வளவு கயிறு?" என்று ஒரு கிழவன் சலித்தான்.

"தண்டயல் இல்லாத தோணி" என்றான் ஜவாத். "எனக்குக் கடல் தண்ணியாத்தான் தெரியுது. காக்காக்குத்தான் அதுக்குள்ள மீன் தெரியும்." றுஸ்தாவைக் கண்டதும் கையைச் சாரனில் துடைத்துக்கொண்டு வந்தான். "என்ன மதினி? காக்காக்கு எப்பிடி?"

சொன்னாள். இரத்தம் என்றதும் ஆட்கள் சூழ்ந்துவிட்டார்கள்.

"என்டத எடுங்க, எவ்வளவெண்டாலும்."

"உன்டத எடுத்து என்ன செய்ய? அதில சீனிதான் ஓடுது. காக்கா எழும்பி உன்னப் போல பத்துத் தரம் தேத்தண்ணி கேப்பார்."

"இவன்டத ஏத்தினா காக்கா வேலைக்கே வர மாட்டார்."

சிரித்தார்கள். பிறகு ஒன்பது பேர் பெயர் குடுத்தார்கள். ஜவாத் அவளைத் தெருவரை கொண்டுவந்து விட நடந்தான். வலை வைக்கிற ஓலை வாடியைத் தாண்டும்போது றுஸ்தா நின்றாள். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. முன்னால் நின்றவன் இவன்.

"ஜவாத், நான் ஒரு பிழை செஞ்சிட்டன். நோன்புக்குள்ள பல்லுக்குத் தந்த குளிசைய நான் நேரம் மாத்திக் குடுத்திட்டன். பகல்ல போடுறத நோன்பு திறந்த பிறகு சேத்துக் குடுத்தன். டொக்டர் கேக்கக்குள்ள சொல்லல்ல. அதாலதான் கிருமி பழகிட்டு போல."

ஜவாத் சாரனை மடித்துக் கட்டினான்.

"உச்சி வெயிலில, வீங்கின வாயோட, ஒரு சொட்டுத் தண்ணி இல்லாம தோணியில நிண்ட மனிசன். அத எப்பிடி நான் விடச் சொல்ற? சொன்னன்தான். கேக்கல்ல."

ஜவாத் கடலைப் பார்த்தான். வாடியைப் பார்த்தான். பிறகு குனிந்து காலில் ஒட்டாத மணலைத் தட்டினான்.

"டொக்டரிட்டச் சொல்லுங்க மதினி" என்றான். "உள்ளதச் சொல்லுங்க. காக்காட்டயும் கதைங்க."

"அவருட்ட என்னத்தக் கதைக்க?"

"கதைங்க" என்றுவிட்டு அவன் வேகமாகத் திரும்பி நடந்தான். தன்மேல்தான் அவனுக்குக் கோபம் என்று றுஸ்தா எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை அவள் டொக்டரின் மேசைக்கு முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். நோன்பு திறந்து இரண்டு, சஹருக்கு ஒன்று. ஐந்தாம் நாள் நிறுத்தியது. காய்ச்சலுக்கு இரண்டு இரண்டாகக் குடுத்த ஆறு. இடியப்பக் கணக்குச் சொல்கிற குரலில் சொன்னாள்.

டொக்டர் சர்மினி முன்பு எழுதிய வரியை வெட்டிவிட்டுப் புதிதாக எழுதினாள்.

"முதல் நாளே சொல்லியிருந்தா மருந்த மாத்தியிருப்பீங்களா டொக்டர்?"

டொக்டர் கொப்பியைத் திருப்பி முதல் நாள் பக்கத்தைப் பார்த்தாள். "முடிவு வருமுந்தியே யோசிச்சிருப்பன். ஒண்டு ரெண்டு நாள் முந்தியிருக்கலாம்."

"நான்தான் பழக்கினனா?"

"இதாலதான் எண்டு நான் சொல்ல மாட்டன் அக்கா. சொல்லவும் ஏலாது. கிருமி ஒரு வீட்டில மட்டும் பழகுறதில்ல. தடிமன் இருமலுக்கும் கடையில ரெண்டு வாங்கிப் போடுற ஊர் முழுக்கச் சேந்துதான் பழக்குது." விரலைப் புது வரியில் வைத்தாள். "ஆனா பகல் முழுக்க மருந்து இறங்கி, பின்னேரம் ஏறி, அஞ்சு நாளில நிப்பாட்டி, மறுகா ரெண்டு ரெண்டாக் குடுத்தா... சாகாத கிருமிக்கு அது நல்ல பாடம். பல்லுக்கு நோன்ப விட ஏலாது எண்டு எங்களிட்டச் சொல்லியிருந்தா நாளைக்கு ரெண்டு தரம் போடுற மருந்தாத் தந்திருப்பம். அப்பிடி மருந்து இருக்கு. கேக்கத்தான் ஒருத்தரும் வாறல்ல."

அப்படி மருந்து இருக்கு. றுஸ்தா அதைத் திரும்பத் திரும்ப மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். அது வேறு யாருக்கோ சொன்ன செய்தி போல இருந்தது.

புது மருந்து எட்டு நாள் ஏறியது. காய்ச்சல் குறைந்தது, ஆனால் போகவில்லை. ஒன்பதாம் நாள் ஸ்கானில் வால்வு கிழிந்திருப்பதாகச் சொன்னார்கள். இனிக் காத்திருக்க ஏலாது, இன்றைக்கே கொழும்பு. வால்வை மாற்றுகிறபோது ஆள் தப்பலாம், தப்பாமலும் போகலாம். டொக்டர் அதை மறைக்கவில்லை. றுஸ்தா காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள்.

பின்னேரம் அஸர் தொழுகை நேரம் அம்புலன்ஸ் வரும் என்றார்கள். றுஸ்தா கட்டிலோரம் இருந்து, கீரி மீன் ஆணத்தில் குழைத்த சோற்றைச் சின்னச் சின்ன உருண்டையாக ஊட்டினாள். அப்துல் ஸமட் மூன்று வாய் வாங்கினான். நாலாவதுக்குத் தலையை ஆட்டினான்.

"என்ன ஆணம்?"

"ஜவாத் தந்த மீன்."

"பழசு" என்றான் தண்டயல். "கீரி கண்ணு கலங்கினாப் பிறகு எடுத்திரிக்கான்."

பக்கத்துக் கட்டிலில் செல்லத்தம்பி எழுந்து இருந்தார். "தண்டயல், கொழும்பில நல்ல வால்வாப் பாத்துக் கேளுங்க. வந்தாப் பிறகு வினாயகபுரத்துக்கு வாங்க. உண்மையான கடலக் காட்டுறன்." சொல்லிவிட்டு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். அவருடைய முதுகு கொஞ்ச நேரம் குலுங்கியது.

றுஸ்தா கோப்பையை மூடிக் கீழே வைத்தாள். கையைத் துடைத்தாள்.

"இஞ்சேருங்க. டொக்டரிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டன்."

"என்னத்த?"

"குளிசைய மாத்தினத. நோன்புக்காக நான்தான் நேரத்த மாத்தினன் எண்டு சொன்னன். உங்கள ஒண்டும் சொல்லல்ல. நீங்க நோன்பு பிடிச்ச, அது உங்கட கடமை. பிழை என்டதான். அல்லாஹ்ட்டயும் சொல்லிட்டன். உங்களிட்டயும் சொல்லிட்டுத்தான் அனுப்பணும் எண்டு நினைச்சன். என்னப் பொறுத்துக்கொள்ளுங்க."

அவன் முகட்டில் சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். வெளியே அம்புலன்ஸ் பின்பக்கமாக வந்து நிற்கிற சத்தம் கேட்டது. இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவனைத் தூக்கி அதில் வைத்தார்கள், சேலைன் போத்தலைக் கம்பியில் மாட்டினார்கள். றுஸ்தா பையைத் தோளில் போட்டுக்கொண்டு கூடவே நடந்தாள்.

வார்ட் கதவடியில் அவன் அவளுடைய அபாயாவின் கையைப் பிடித்தான். தள்ளியவர்கள் நின்றார்கள். அவள் குனிந்தாள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு எடுத்து அவன் சொன்னான்:

"அந்தக் கிழமை நான் ஒரு நோன்பும் பிடிக்கல்ல, றுஸ்தா."